வௌவால் கடித்த கொய்யாவும் பாக்டீரியாத் தொற்றும்: ஓர் எளிய விளக்கம்

பீடோரில் கொய்யா பழுத்துவிட்டதை மனிதர்களுக்கு முன்பாக அறிந்துகொள்பவை வௌவால்கள்தாம். கொய்யாவுக்கும் பெத்தாய் என்னும் மரத்துக் காய்க்கும் பெயர்பெற்ற, மலேசியாவின் பேராக் மாநிலத்து இந்தச் சிற்றூரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும், வீட்டுக்கு வீடு பழமரங்களும் இருப்பதால் இரவில் வரும் அந்த விருந்தாளிகளுக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. விடிந்து பார்த்தால் துத்தநாகக் கூரையிலும், மரத்தடியில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கையிலும் பழுப்பு நிற எச்சம் வழிந்து காய்ந்திருக்கும். தரையில் பல்தடம் பதிந்த பழம் ஒன்று கிடக்கும். அதன் பக்கத்திலேயே, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை, பிழிந்தெடுத்த தேங்காய்ப்பூவைச் சிறு உருண்டையாகப் பிடித்து வைத்தாற்போல் கிடக்கும்.

தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக, அதாவது தோட்டத்து வழக்கில் ‘டிரெசராக’, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால், பக்கத்து வீட்டு அம்மா அப்படிப்பட்ட கொய்யா ஒன்றையும் கத்தியையும் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். “டிரெசர் ஐயா, கடிச்ச பக்கத்த மட்டும் அறுத்துப் போட்டுட்டு மிச்சத்தப் பேத்திக்குக் குடுக்கலாந்தானே? அணில் கடிச்சத நாம சாப்பிடலையா?” என்று கேட்டார். “வேண்டாம்மா, கோழிக்குக்கூடப் போடாதீங்க, குழி வெட்டிப் புதைச்சிடுங்க” என்று சொல்லி அனுப்பினேன். ஏன் வேண்டாம் என்பதை வேலியோரத்தில் நின்று சொல்லி முடிக்க இயலவில்லை. அதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எந்த வௌவால் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழந்தின்னி வௌவால்கள் என்று நாம் பொதுவாகச் சொல்பவை ஓரினம் அல்ல. நம் வீட்டுக் கொய்யாவுக்கும் வாழைக்கும் வருவது பெரும்பாலும் கைக்குள் அடங்கிவிடக்கூடிய, குட்டை மூக்குடைய சிறிய வகை. பனையோலையையும் வாழையிலையையும் மடியக் கடித்துக் கூடாரம்போல் ஆக்கி அதன் அடியில் பகலைக் கழிப்பதும் இதுதான். மலாய்க்காரர்கள் ‘கெலுவாங்’ என்று அழைக்கும் பெரிய வகையோ ஏறத்தாழ ஒரு கிலோ எடையும், விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை இறக்கை அகலமும் கொண்டது. அது சதுப்புக் காடுகளில் கூட்டமாகத் தங்கி, உணவுக்காக ஒரே இரவில் பல பத்து கிலோமீட்டர் பறக்கும். மூன்றாவது வகை குகைகளில் வாழ்ந்து பூக்களில் தேன் குடிப்பது. பத்துமலையின் இருட்டுக்குகையில் இருப்பது இந்த வகைதான். வௌவால், கிருமி என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கேட்டவுடன் இந்த மூன்றையும், பூச்சி தின்னும் வேறு பல வகைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நம் வழக்கம். கிருமிகள் அப்படிக் கட்டுவதில்லை. ஒவ்வொரு கிருமிக்கும் தனக்கு ஒத்துப்போகும் விலங்கு உண்டு.

கிருமி என்ற சொல்லும் அதே போன்ற மூட்டைதான். பாக்டீரியா என்பது ஒற்றை உயிரணுவாலான முழுமையான உயிர். ஈரமும் உணவும் தக்க வெப்பமும் கிடைத்தால் அவற்றுள் பல உடலுக்கு வெளியிலும் பெருகும். வைரஸ் அப்படியன்று. இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றி அதனால் பெருக இயலாது. ஆண்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. வௌவால் எச்சம் குவிந்த குகைகளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை ஒன்றும் வளர்வதுண்டு. அது இந்த இரண்டிலும் சேராத தனி இனம் என்பதால், இங்கே அதைத் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது ஏட்டுக் கல்விக்கு மட்டும் உரியதன்று என்பதை மலேசியர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். 1998ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்குப் பரவிய மூளைக்காய்ச்சல், தொடக்கத்தில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் நின்றபாடில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா கா பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை விளங்கியது. அந்த நிபா வைரஸின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். பன்றிக் கொட்டில்களை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் பன்றிகளுக்குப் போய், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பழத்தைப் புதைக்கச் சொன்னதற்கு முதன்மைக் காரணம், உள்ளபடி சொன்னால், பாக்டீரியா அன்று. இந்த வைரஸ்தான். பாக்டீரியாவின் கதை இதைவிட அமைதியானது, சிக்கலானதும்கூட.

அக்கதைக்கு அடிப்படையான கருத்து ஒன்று இருக்கிறது. அதைக் ‘கிருமியின் உறைவிடம்’ என்று சொல்லலாம். ஒரு பாக்டீரியா ஒரு விலங்கின் உடலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. அந்த விலங்குக்கு அதனால் காய்ச்சலோ சோர்வோ ஏற்படுவதில்லை, அல்லது ஏற்பட்டாலும் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. கிருமி தன் இனத்தைக் காத்துக்கொள்ள அதே இனத்து மற்ற விலங்குகளுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. ‘வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்று நம்மவர்கள் கேலியாகச் சொல்வார்கள். கிருமிக்கு அந்தத் தொங்கலே பெரிய வசதி. நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தொங்கும் கூட்டத்தில், ஒன்றின் சிறுநீர் இன்னொன்றின் உரோமத்தில் படிகிறது. ஒன்றின் உடலில் ஊரும் பூச்சி அடுத்ததன் உடலுக்கு நகர்கிறது. கெலுவாங் வௌவால் கழிக்கும்போது மட்டும் தலைகீழ் நிலையை மாற்றி, இறக்கையின் கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றித் தொங்கும். தன் முகத்தைக் காத்துக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் கீழ்க்கிளையில் இருப்பவற்றுக்கு உதவுவதில்லை.

உறைவிடத்தில் இருக்கும் கிருமி மனிதனிடம் வந்து சேர வேண்டுமானால், அது முதலில் எச்சம், சிறுநீர், உமிழ்நீர், குருதி என்ற ஏதாவது ஒரு வழியாக வெளியேற வேண்டும். வெளியேறிய பிறகு வெயிலிலும் காற்றிலும் நீரிலும் சில மணி நேரமோ சில வாரமோ உயிரோடு இருக்க வேண்டும். பிறகு நம் வாய், கண், தோலின் கீறல் என்று ஒரு வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி நுழைந்தபின் போதிய எண்ணிக்கையில் இருந்து நம் உடலின் எதிர்ப்பையும் வெல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தொற்று இல்லை. வௌவாலின் உடலில் ஒரு பாக்டீரியா இருப்பது வேறு, வௌவாலால் மனிதனுக்கு நோய் வருவது வேறு. நான் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு இந்த ஒரு வேறுபாடுதான்.

செய்தித்தாளில் ‘வௌவால்களிடம் ஆபத்தான பாக்டீரியா கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வரும்போது, கண்டுபிடிக்கப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். கிருமியின் மரபணுத் துண்டு மட்டும் கிடைத்திருந்தால், அந்தக் கிருமி அங்கே இருக்கிறது அல்லது அண்மையில் இருந்தது என்று பொருள். அது உயிரோடு இருந்ததா என்பது தெரியாது. கிருமியையே ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியிருந்தால், அது உயிரோடு இருந்தது என்பது உறுதி. குருதியில், கிருமியை எதிர்க்க உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் கிடைத்திருந்தால், அந்த விலங்கோ மனிதரோ எப்போதோ ஒரு நாள் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. வீட்டு வாசலில் செருப்புத் தடம் இருந்தால் யாரோ வந்து போனார் என்று தெரியும். வந்தவர் திருடனா தபால்காரரா என்பதைத் தடம் சொல்லாது.

இனி ஒவ்வொரு பாக்டீரியாவாகப் பார்ப்போம். தோட்டப்புறத்தில் வாழ்பவர்கள் முதலில் அறிய வேண்டியது லெப்டோஸ்பைரா. மலேசியத் தமிழர்கள் ‘எலிச் சிறுநீர்க் காய்ச்சல்’ என்று சொல்லும் நோய்க்குக் காரணம் இதுவே. நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய கம்பிச் சுருள்போல் நெளியும், அதன் முனை கொக்கியாக வளைந்திருக்கும். 1907ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் சிறுநீரகத் திசுவில் இதைக் கண்ட ஸ்டிம்சன் என்னும் மருத்துவர், அது கேள்விக்குறியைப் போல இருக்கிறது என்று அதே பொருள் தரும் பெயரையே அதற்கு வைத்தார். நோயின் கடுமையான வடிவத்தை அதற்கு முன்பே, 1886இல், ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வைல் விவரித்திருந்தார். மலாயாவைப் பொறுத்தவரை, கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சர் 1920களில் இந்நோயைப் பற்றி எழுதினார். மலேரியா என்றே கருதிக் கொய்னா கொடுக்கப்பட்ட காய்ச்சல்களுக்கு நடுவே இன்னும் எத்தனை வகைக் காய்ச்சல் ஒளிந்திருந்தது என்பது அந்தக் காலத்தில்தான் மெல்ல வெளிப்பட்டது.

லெப்டோஸ்பைரா உறைவிட விலங்கின் சிறுநீரகத்தில், சிறுநீர் வடியும் நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. விலங்கு சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வெளியேறுகிறது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில், சாதகமான இடத்தில் மாதக்கணக்கில்கூட, உயிரோடிருக்கும். வெயிலில் காய்ந்தால் மடிந்துவிடும், புளிப்பும் குளோரினும் அதற்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் பெரிய பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரகத்திலும் சிறுநீரிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். சரவாக்கில் காட்டு விலங்குகளிடம் நடந்த ஆய்விலும் வௌவால்களிடம் இதன் தடயம் கிடைத்தது. ஆகவே வௌவாலும் இதன் உறைவிடங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் நமக்கு வரும் காய்ச்சலுக்கு வௌவாலைக் குற்றம் சொல்லலாமா? தோட்டத்தைத் தெரிந்தவர் யாரும் அவசரப்பட மாட்டார். செம்பனைக் குலையைத் தின்னும் எலி தோட்டத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறது. அதைக் குறைப்பதற்காகத்தான் பல தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். எலி தரையில் நடக்கிறது. அதன் சிறுநீர் நேரே கால்வாயிலும், குலை அறுப்பவர் கால் வைக்கும் சேற்றிலும் விழுகிறது. மாடும் நாயும் அந்தக் கணக்கில் உண்டு. வௌவாலின் சிறுநீரோ உயரத்திலிருந்து சிதறி, இலையிலும் கூரையிலும் பட்டு, அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடுகிறது. மனிதருக்கு வந்த லெப்டோஸ்பைராக் காய்ச்சலை வௌவாலோடு நேராக இணைத்து மருத்துவ இதழ்களில் பதிவானவை மிகச் சிலவே. இருந்தாலும், வௌவால் தங்கும் மரத்தடியில் திறந்து கிடக்கும் மழைநீர்த் தோம்பு, அதாவது பீப்பாய், விதிவிலக்கு. கூரையில் விழுந்ததெல்லாம் மழையோடு கழுவப்பட்டு அங்கே வந்து சேர்கிறது. அந்த நீர் நிழலில், ஈரத்தில், கிருமிக்கு வேண்டிய எல்லா வசதியோடும் நிற்கிறது. எங்கள் வரிசை வீடுகளில் நான் யாரிடமாவது கண்டிப்போடு பேசுவது உண்டென்றால் அது தோம்புக்கு மூடி போடாதவர்களிடம்தான். மூடி போட்டால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் சேர்த்துப் பதில் சொன்னதாகிவிடும்.

இந்நோயை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்து லுபோக் யூ நினைவில் இருக்க வேண்டும். நீரில் மூழ்கியவரைத் தேடுவதற்காக ஆற்றில் இறங்கியவர்களில் 8 பேர் பின்னர் இறந்தனர். மண்ணில் வாழும் வேறொரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் நோயும், அவர்களில் சிலருக்கு அதனோடு சேர்ந்து லெப்டோஸ்பைராத் தொற்றும் இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லெப்டோஸ்பைராக் காய்ச்சல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்த நிகழ்வில் வௌவாலுக்குப் பங்கிருந்ததாக யாரும் சொல்லவில்லை. நீரும் மண்ணுமே வாசல்.

சால்மோனெல்லாவுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அது குடலில் வாழ்ந்து எச்சத்தோடு வெளியேறும் பாக்டீரியா. பல நாடுகளில் பழந்தின்னி வௌவால்களின் எச்சத்தில் கிடைத்திருக்கிறது. இந்த வௌவால்களின் குடல் வழியே பழம் ஏறத்தாழ அரை மணி நேரத்திலேயே கடந்துவிடுவதால், பறக்கும் வழியெல்லாம் எச்சமிடுவது அவற்றின் இயல்பு. விதை பரவுவதற்கு அது நல்லது, உங்கள் மரத்துப் பழத்தின் தோலுக்கு நல்லதன்று. வாய்வழி புகுந்தால் சில மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, காய்ச்சல் வரும். பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் ஆபத்து. ஆனால் நம் ஊரில் சால்மோனெல்லா வரும் வழியைக் கணக்குப் போட்டால், சரியாக வேகாத கோழியும் முட்டையும் எங்கோ முன்னால் நிற்கும், வௌவால் வரிசையின் கடைசியில் இருக்கும்.

பார்ட்டொனெல்லா மூன்றாம் வகையான வழியைக் காட்டுகிறது. இது குருதியின் சிவப்பணுக்களுக்குள் வாழ்வது. பூனை கீறியபின் நிணநீர் முடிச்சு வீங்கும் நோயை உண்டாக்குவது இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. வௌவால்களிடையே இதைப் பரப்புவது வௌவால் ஈ. ஈ என்று பெயர், ஆனால் அவற்றுள் ஒரு குடும்பத்துக்கு இறக்கையே இல்லை. பார்க்கும்போது சிலந்தியைப் போல இருக்கும், உரோமத்துக்குள் பக்கவாட்டில் ஓடும். அது வௌவாலை விட்டு எளிதில் இறங்குவதில்லை என்பதால், தரையில் நிற்கும் நமக்கு அச்சமில்லை. நைஜீரியாவின் இடான்ரே மலைப்பகுதியில் ஆண்டுக்கு இருமுறை ஆண்கள் குகைக்குள் புகுந்து பழந்தின்னி வௌவால்களைக் கையால் பிடிக்கும் விழா ஒன்று நடக்கும். அவ்வட்டாரத்து மக்களின் குருதியைச் சோதித்தபோது, அந்த வௌவால்களுக்கே உரிய ஒரு பார்ட்டொனெல்லாவுக்கான எதிர்ப்பொருள் சிலரிடம் இருந்தது. செருப்புத் தடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமியால் அவர்கள் நோயுற்றார்கள் என்று அந்தச் சோதனை காட்டவில்லை.

தடத்தைத் தாண்டி ஆளே பிடிபட்ட நிகழ்வும் உண்டு. சாம்பியா நாட்டில் வௌவால் குகைக்குப் போய் உண்ணி கடித்து வந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய குருதியில், விட்டுவிட்டுத் திரும்ப வரும் மீள்காய்ச்சலை உண்டாக்கும் பொரேலியா வகைப் பாக்டீரியா ஒன்று இருந்தது. அதே பாக்டீரியா குகையிலிருந்த உண்ணிகளிடமும், அங்கு வாழ்ந்த பழந்தின்னி வௌவாலிடமும் கிடைத்தது. 2019இல் வெளியான இந்த ஆய்வில் உறைவிடம், கடத்தும் உண்ணி, நோயாளி ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. வௌவால் சார்ந்த பாக்டீரியாத் தொற்று என்று ஐயமின்றிச் சொல்ல இவ்வளவு சான்று வேண்டும். இந்த நிகழ்வில்கூட வௌவால் நேரடியாக ஒன்றும் செய்யவில்லை. குகைக்குள் போனது மனிதன், கடித்தது உண்ணி.

வௌவாலே நேரடியாகச் செய்யக்கூடியது கடிப்பதும் கீறுவதுமே. தானாக வந்து கடிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. கொய்யா மரத்துக்குப் போட்ட வலையில் சிக்கியதை விடுவிக்கப் போகும்போதும், தரையில் விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் எடுக்கும்போதும்தான் கடி விழுகிறது. பல விலங்குகளின் வாயையும் போலவே அதன் வாயிலும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உண்டு. பல் ஊசிபோல் மெல்லியதாக இருப்பதால் காயம் சிறிதாகத் தெரியும், கிருமியோ ஆழத்தில் இறங்கியிருக்கும். ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாமல், அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையெல்லாம் அவர்கள் முடிவு செய்வார்கள்.

கிருமிப் போக்குவரத்து ஒருவழிச் சாலை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் காயமுற்ற பழந்தின்னி வௌவால்களை மனிதர்கள் எடுத்து வளர்த்துத் தேற்றி விடுவதுண்டு. அவற்றின் குடல் பாக்டீரியாவைச் சோதித்தபோது, ஆண்டிபயாட்டிக்கை எதிர்த்து நிற்கும் மரபணுக்கள் காட்டில் வாழும் வௌவால்களைவிட, மனிதர் பராமரிப்பில் இருந்தவற்றிடம் கூடுதலாகக் காணப்பட்டன. நாம் பாதி தின்று நிறுத்திய மாத்திரையும், சாக்கடையும், கோழிப்பண்ணைக் கழிவும் செய்யும் வேலை வௌவாலின் வயிற்றிலும் போய் எழுதப்படுகிறது.

ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்ற நம்பிக்கை நம் தோட்டங்களிலும் இருந்தது, இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதற்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லை. மேலே சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள்: சிறுநீரகத்தில் ஒன்று, குடலில் ஒன்று, குருதியில் ஒன்று என்று தனித்தனியாக அடைபட்டிருந்த கிருமிகள் எல்லாவற்றையும், வௌவாலை உரித்து அறுக்கிறவர் ஒரே நேரத்தில் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். நன்றாக வேகவைத்தால் உண்பவருக்கு ஆபத்துக் குறையலாம், அறுத்தவருக்குக் குறையாது. உரிமமின்றிக் கெலுவாங்கை வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சுட்டு விரட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே பதில் தொங்குகிறது. பெத்தாய் மரத்தின் பந்து போன்ற பூங்கொத்துக்கு இரவில் வந்து மகரந்தம் சேர்ப்பவை வௌவால்கள். டுரியான் பூ மாலையில் விரிந்து விடியுமுன் உதிரத் தொடங்கிவிடும். அந்த ஓர் இரவுக்குள் அதற்கு வேண்டிய பணியைச் செய்வதில் குகையில் வாழும் தேனுண்ணி வௌவாலுக்குப் பெரும்பங்கு உண்டு. தியோமான் தீவில் கெலுவாங் இனத்தைச் சேர்ந்த இன்னொரு வௌவாலும் டுரியான் பூவுக்கு வந்து அதே பணியைச் செய்வதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றியும், கூட்டம் கலைக்கப்பட்ட வௌவால்கள் மறைந்துவிடுவதில்லை. சிதறி வேறு மரங்களுக்கு, வேறு ஊர்களுக்குப் போகின்றன. கிருமியும் அவற்றோடு போகிறது.

ஆகவே செய்யத்தக்கது மரத்தடியில்தான் இருக்கிறது. கொய்யாத் தோட்டக்காரர்கள் பிஞ்சிலேயே பழத்துக்குப் பை கட்டுவது பழ ஈக்காக. அதுவே வௌவாலின் வாயையும் எச்சத்தையும் தடுத்துவிடுகிறது. வீட்டு மரத்துக்கும் அதைச் செய்யலாம். பல்தடம் உள்ள பழத்தை அறுத்து உண்ண வேண்டாம். தடம் இல்லாததை ஓடும் நீரில் கழுவித் தோலைச் சீவிவிட்டு உண்ணலாம், அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் அப்படியே பெருக்கினால் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறை போட்டு, வழித்தெடுத்து, பிறகு நீர்த்த பிளீச் ஊற்றிக் கழுவ வேண்டும். செத்துக் கிடக்கும் வௌவாலை மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைக்க வேண்டும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டி, பூட்ஸ் அணியாமல் கால்வாயில் இறங்கக் கூடாது. இதில் கடைசியாகச் சொன்னது வௌவாலைவிட எலிக்காகவே அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு ஓர் அடையாளம் உண்டு. பெரும்பாலும் ஐந்து முதல் 14 நாளுக்கு முன்பு ஈரத்திலோ சேற்றிலோ இறங்கியிருப்பார். திடீர்க் காய்ச்சல், தலைவலியோடு கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும். கண்கள் சிவந்திருக்கும், ஆனால் பீளை தள்ளாது. மஞ்சள் காமாலையோ, சிறுநீர் குறைதலோ, மூச்சுத் திணறலோ சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. தொடக்க நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரையும், கடுமையானால் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசி வழியாகவும் கொடுப்பார்கள். குருதிச் சோதனை முடிவு வர நாள் எடுக்கும் என்பதால், மருத்துவர் பெரும்பாலும் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார். அந்த முடிவை அவர் எடுப்பது நோயாளி சொல்வதை வைத்துத்தான். ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் பனடோல் என்னும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பப்படவும் கூடும். எந்தத் தேதியில் எந்தக் கால்வாயில் இறங்கினீர்கள், காலில் காயம் இருந்ததா, பூட்ஸ் போட்டிருந்தீர்களா, செத்த எலியையோ வௌவாலையோ கையால் எடுத்தீர்களா என்பதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள்.